ஏழு விரிசல்கள்

வண்டியை விலை பேச வந்த அன்பர் எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை. துருவைத் தேடிக் குனிந்து பார்க்கவுமில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஸ்டியரிங் வளையத்தின் மீது கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினார். "வெயில்ல நின்ன வண்டி" என்றார். தாம் மனத்தில் வைத்திருந்த தொகையில் அந்த வளையத்துக்காகவே கணிசமாகக் குறைக்க வேண்டியிருக்கும், நாங்களே சரிசெய்து வைத்தால் மறுபடி பேசலாம் என்று சொல்லிவிட்டு, காப்பி அருந்தி விடைபெற்றார். 2023ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி வெயில் காலம் அது. ஐம்பதாண்டு கடந்த வாகனங்களைத் தனியே பதிவுசெய்துகொள்ளும் விதி 2021இல் வந்த பிறகு இத்தகைய அன்பர்கள் எங்கள் வீட்டுக்கு வருவது அதிகரித்திருந்தது.

வண்டி 1969இல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அப்பாவுடையது. இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது அவருடைய மகளும் மகனுமாகிய இருவர். தவறும் இருவருமாகச் செய்தது, வேலையும் இருவருமாகச் செய்தது என்பதால் ஒருமையில் எழுத இருவருக்குமே மனம் வரவில்லை.

ஹெரால்டைக் கண்டிராத இளைய வாசகர்களுக்காகச் சில வரிகள். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டியின் வடிவமைப்பில், 1959இல் இங்கிலாந்தில் 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' என்று வெளிவந்த கார், 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' ஆயிற்று. தொழிற்சாலை பெருங்களத்தூரில். எங்கள் குரோம்பேட்டையிலிருந்து மூன்றாவது ரயில் நிலையம். சிறிய எஞ்சின், 948 சி.சி. முகப்பு முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். இவை எல்லாவற்றையும்விட அதற்குப் பெயர் வாங்கித் தந்தது அது திரும்பும் லாவகம். 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் அப்படியே வளைந்து வந்துவிடும். அப்பா 1976இல் அதைப் பழைய வண்டியாக வாங்கியதன் காரணமும் அதுதான். அவர் டாக்டர். பகலில் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்ப்பார். இரவில் பம்மலிலிருந்தோ பொழிச்சலூரிலிருந்தோ யாராவது சைக்கிளில் வந்து கேட்டைத் தட்டுவார்கள். முட்டுச்சந்துகளுக்குள் வண்டியை விட்டு, ஊசி போட்டு, ஒரே வீச்சில் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். விடுமுறை நாட்களில் பின்னிருக்கையில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாங்களும் போனதுண்டு. எங்களுக்கு அப்பாவின் முகத்தைவிட அவருடைய பிடரியும், ஸ்டியரிங்கின் வலப்பக்கத்தில் படிந்திருக்கும் வலக்கையும்தான் நன்றாக நினைவிருக்கின்றன.

(ஸ்டியரிங் என்பதற்குத் தமிழ் தேடி நாங்கள் தோற்றோம். 'திசைமாற்றி' பாடநூலின் சொல். 'சுக்கான்' அழகாக இருக்கிறது. ஆனால் அது அரபுச் சொல், போதாக்குறைக்குக் கப்பலுக்குரியது. அப்பாவும் மேஸ்திரியும் வாழ்நாள் முழுதும் 'ஸ்டேரிங்' என்றே சொல்லி வந்தார்கள். நாங்கள் எழுத்தில் 'ஸ்டியரிங்' என்று நாகரிகம் காட்டுகிறோம், அவ்வளவுதான்.)

நிற்க. 2014இல் அப்பாவிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டோம். அவருக்குக் கண்ணில் க்ளாக்கோமா. நேர்ப்பார்வையை விட்டுவிட்டு ஓரப்பார்வையை முதலில் தின்னும் நோய். எதிரிலிருக்கும் எழுத்து தெரியும், பக்கத்தில் வரும் ஆள் தெரியாது. நியூ காலனி அருகே இடப்புறம் வந்த சைக்கிள்காரரை அவர் உரசிவிட்டார். காயம் பெரிதில்லை. ஆனால் அன்றிரவு நாங்கள் இருவரும் அவர் முன் உட்கார்ந்து, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைப் பேசினோம். நோயின் போக்கு எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதை மறந்து, நாங்கள் அவருக்கு ஓரப்பார்வையைப் பற்றி விளக்கினோம். முழுவதும் கேட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசை மீது வைத்தார். "சரி" என்றார். அந்தச் 'சரி' பல வருடங்கள் எங்களை உறுத்திற்று. பிடுங்கிக்கொண்டோம் என்றே எண்ணி வந்தோம்.

அடுத்த ஆண்டு, தெருவைப் பார்த்திருந்த கார் ஷெட்டை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டோம். அப்பா ஆட்சேபிக்கவில்லை. "கொல்லையில வேப்பமரம் இருக்குல்ல, நிழல் போதும்" என்றார். வண்டியை அங்கே நகர்த்தினோம். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயலில் அந்த வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. மதில்சுவர் பக்கமாக விழுந்ததால் வண்டிக்கு ஒரு கீறலுமில்லை. அந்த வாரமே அப்பா கேட்டார், வண்டிக்கு என்ன ஏற்பாடு என்று. கூரை போட்டுவிட்டோம் என்று சொன்னோம். போட நினைத்திருந்தோம் என்பது உண்மை. தச்சரிடம் பேசியும் இருந்தோம். புயலுக்குப் பின் அந்தத் தச்சரைப் பிடிப்பது குதிரைக் கொம்பாயிற்று, பிறகு கோடை, பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, கொல்லைப்படிகளில் இறங்குவதில்லை. பார்வையும் மங்கிக்கொண்டே வந்தது. ஒரு தார்ப்பாயைப் போர்த்தினோம். அது கிழிந்தது. இன்னொன்று போட்டோம். அதுவும் கிழிந்தபின் போடவில்லை. ஹெரால்டு ஏழு கோடைகள் மேற்கு வெயிலில் நின்றது.

விலை பேச வந்தவர் போன அன்று மாலை அப்பா சொன்னார்: "விக்கறதா இருந்தா இருக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒரு தடவ உக்காந்து பாக்கணும்."

ஆளுக்கொரு கையைப் பிடித்துப் படியிறக்கி, இருக்கையில் உட்காரவைத்தோம். அவருக்கு அப்போது வயது எண்பத்து மூன்று. வெளிச்சமும் இருட்டும் தெரியும், உருவங்கள் நிழல்களாய்த் தெரியும். வளையத்தின் மீது இரு கைகளையும் வைத்தார். விரல்கள் உடனே நின்றன. பிறகு மெதுவாக, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல் அழுத்தி அழுத்தி, ஒரு முழுச் சுற்று வந்தார். நாங்கள் அதுவரை நான்கு விரிசல்கள் என்றே எண்ணியிருந்தோம்.

"ஏழு" என்றார்.

வேறெதுவும் சொல்லவில்லை; மேலே கூரை இருக்கிறதா என்று கேட்கவுமில்லை.

வளையம் ஏன் வெடிக்கிறது என்பதை அந்த வாரத்தில் படித்துத் தெரிந்துகொண்டோம். உள்ளே எஃகுக் கம்பி வளையம். அதன்மேல் வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக். அக்காலத்து வளையங்கள் பலவற்றுக்கு, பஞ்சிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் செய்யப்படும் செல்லுலோஸ் அசிடேட் வகைகளே மூலப்பொருள். பழைய திரைப்படச் சுருள்களும் இதே குடும்பம்தான். படப்பெட்டியைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கிறது என்று படச்சுருள்களைக் காப்பவர்கள் வருந்துகிறார்களே, அந்த அழிவேதான். பிளாஸ்டிக்கை இளக்கமாக வைத்திருக்கும் சரக்கு வருடக்கணக்கில் ஆவியாகி வெளியேறுகிறது. வெயில் அதை விரைவுபடுத்துகிறது. சரக்கு போனதும் மேல்தோல் சுருங்கப் பார்க்கிறது. உள்ளேயிருக்கும் எஃகு சுருங்க விடுவதில்லை. வெப்பத்தில் விரிவதும் குளிரில் ஒடுங்குவதும் எஃகைவிடப் பிளாஸ்டிக்குக்குப் பல மடங்கு அதிகம். எனவே பகலும் இரவும் இழுபறி. கடைசியில் தோல் குறுக்குவாட்டில் கிழிகிறது, பெரும்பாலும் ஆரக்கால்கள் வளையத்தைச் சேரும் இடத்தில். இதைப் படித்தபோது எங்களுக்கு ஏற்பட்ட சங்கடத்தை விவரிக்கத் தேவையில்லை. பார்வை போன மனிதர், எங்கள் ஏழு வருடப் பொய்யை விரலால் எண்ணிச் சொல்லியிருக்கிறார்.

புதுப்பேட்டைக்குப் போனோம். அம்பாசடர் ஸ்டியரிங் வேண்டுமளவு தொங்கிற்று. பத்மினிக்கும் கிடைத்தது. ஹெரால்டு என்றதும் ஒரு கடைக்காரர் சிரித்துவிட்டு, பந்தயக் கார்களில் இருப்பதுபோன்ற தோல் சுற்றிய சின்ன வளையமொன்றை எடுத்து நீட்டினார். இன்னொருவர் ரெக்ஸின் உறையைக் காட்டி, நூல் கோத்து இறுக்கிக் கட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று பிரம்மாவுக்கும் தெரியாது என்றார். கோழைத்தனமாக நாங்கள் இரண்டாமவரிடம் வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கோத்துக் கட்டினோம். பார்க்க நன்றாகவே இருந்தது.

அப்பா தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். "புண்ண சுத்தம் பண்ணாம யாராவது கட்டு போடுவாங்களா?" என்றார்.

அதன்பின்தான் பல்லாவரத்து மேஸ்திரியைத் தேடிப் போனோம். அப்பாவின் காலத்தில் வண்டியைப் பார்த்துக்கொண்டவர். எழுபதைத் தாண்டியவர், பட்டறையை மகனிடம் விட்டுவிட்டார். "டாக்டரய்யா வண்டியா" என்று சட்டையைப் போட்டுக்கொண்டு உடனே கிளம்பினார். நடுவிலிருந்த ஹாரன் பொத்தானை நெம்பி எடுத்தார். அதனடியில் பெரிய நட்டு. அதைத் தளர்த்துமுன், தண்டின் முனையிலும் வளையத்தின் குடத்திலும் நேருக்கு நேர் பஞ்சால் ஒவ்வொரு புள்ளி அடித்தார், திரும்பப் பூட்டும்போது பல் மாறாமலிருக்க. நட்டை முழுவதும் கழற்றாமல் நாலைந்து மரை விட்டுவைத்தார். இல்லையென்றால் புல்லர் இழுக்கும் வேகத்தில் வளையம் பிடுங்கிக்கொண்டு மூக்கைப் பெயர்க்குமாம். சுத்தியலை எடுக்கவே கூடாது என்றார். இத்தனை வருடத் துரு; புல்லரை இறுக்க இறுக்க ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துப்பாக்கி வெடித்ததுபோல் 'டப்'பென்று ஒரு சத்தம். வளையம் கையோடு வந்துவிட்டது.

வளையத்தைச் சாப்பாட்டு மேசை மீது, செய்தித்தாள் விரித்து, அப்பாவின் முன் வைத்தோம். இங்கிருந்து வேலை எங்கள் கையை விட்டுப் போயிற்று. பழைய மருந்துச்சீட்டுப் புத்தகமொன்றை எடுத்துவரச் சொல்லி, விரிசல்களைக் கடிகார மணிக்கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார். பன்னிரண்டு மணியில் மேலோட்டமானது. இரண்டு மணியில் ஆழமானது, கம்பி வரை. மூன்றில் இரண்டு, அடுத்தடுத்து... ஏழுக்கும் இப்படி. எங்களுக்கு ஒன்றுபோலவே தெரிந்தவற்றுக்கு அவர் விரல்நுனியில் ஏழு வெவ்வேறு வரலாறுகள் இருந்தன.

முதல் முயற்சியில் அவசரப்பட்டோம். விரிசல்களின் மேல் எம்-சீலைப் பிசைந்து அப்பித் தேய்த்துவிட்டோம். பத்து நாளில் ஓரங்கள் தூக்கிக்கொண்டன. நகத்தால் நெம்பினால் பொருக்குபோல வந்தது. அப்பா எதிர்பார்த்திருந்தார் போலும். "வாய குறுகலா விட்டா மருந்து உள்ள போகாது. தொறங்க" என்றார். நன்றாக இருக்கும் வளையத்தை மேலும் அறுப்பதா என்று எங்களுக்குக் கை நடுங்கிற்று. ஆனால் மேஸ்திரியும் அதையேதான் சொன்னார்: விரிசலின் இரு கரைகளையும் சரிவாக, ஆங்கில 'வி' எழுத்தைப்போல், எஃகு தெரியும்வரை அகலப்படுத்த வேண்டும். ஹாக்ஸா பிளேடை முறித்து ஒரு துண்டால் அறுத்தோம். அரத்தால் சரித்தோம். அரத்தூளிலிருந்து இலேசான புளித்த வாடை எழுந்தது. அடியில் கம்பி துருவேறிக் கிடந்தது. அப்பா அலமாரியிலிருந்து தம் ஸ்கால்பெல் பிடியையும் உறை பிரிக்காத பிளேடுகளையும் எடுத்துவரச் செய்து, இளகிய விளிம்புகளை எப்படிச் சீவ வேண்டுமென்று வெறும் காற்றில் கையசைத்துக் காட்டினார். மூத்தவளின் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்வையும் சரிசெய்தார். எங்கே நல்ல பிளாஸ்டிக் தொடங்குகிறது என்பது சீவும்போது எழும் ஓசையிலேயே தெரியும் என்றார். தெரிந்தது.

ஒரு பிசகைச் சொல்லியாக வேண்டும், இவ்வேலையில் இறங்குவோருக்குப் பயன்படும். அறுத்த இடங்களைத் தின்னரால் துடைத்தோம். பெயின்ட் வேலைக்கு எல்லாரும் செய்வதுதானே என்று. துடைத்த பரப்பு பிசுபிசுத்து விரல்ரேகை பதிந்துவிட்டது. இந்த வகைப் பிளாஸ்டிக்கைத் தின்னரிலிருக்கும் கரைப்பான்கள் இளக்கிவிடும். காய்ந்து கெட்டிப்பட இரண்டு நாளாயிற்று. பிறகு அப்பாவின் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையே பயன்படுத்தினோம்.

நிரப்புவதற்கு, ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையை மேஸ்திரி தொடவே விடவில்லை. ஓரிரவு எடுத்துக்கொள்ளும் அரால்டைட். பிசினும் இறுக்கியும் சம அளவு, வழியாமலிருக்க அதில் முகப்பவுடர். மட்டத்துக்கு மேல் சற்றே துருத்திக்கொண்டிருக்கும்படி அடைத்தோம். மறுநாள் 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 220, 400, கடைசியில் தண்ணீர் தொட்டு 800. தேய்த்தவர்கள் நாங்கள், சரிபார்த்தவர் அவர். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த இடத்தில் அவர் விரல் நிற்கும். "இங்க மேடு." மறுபடி தேய்ப்போம். "இப்ப பள்ளம் பண்ணிட்டீங்க." மறுபடி பசை, மறுபடி ஓரிரவு. மூன்று வாரம் இப்படிப் போயிற்று.

அத்தகைய ஓரிரவில்தான் சொன்னோம். கூரை போடவே இல்லை என்று. இளையவன் ஆரம்பித்தான், மூத்தவள் முடித்தாள்.

"தெரியும்" என்றார் அப்பா. "கூரை போட்டிருந்தா மழை பெய்யறப்ப சத்தம் வந்திருக்கும்ல."

ஏன் கேட்கவில்லை என்று எங்களுக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "நானும் போய் பாக்கல. பாத்தா கேக்க வேண்டியிருக்கும்" என்றார். பிறகு, பசை இன்னும் இறுகவில்லையா என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

வளையத்தின் வலப்பக்கத்தில், இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே, அவர் கை தேய்த்து வழவழப்பாக்கிய நான்கு விரற்கடை இடமிருந்தது. அங்கே மட்டும் பெயின்ட் அடிக்காமல் விட்டுவிடலாமே என்று யோசித்தோம். சொன்னால் மகிழ்வார் என்றும் நினைத்தோம். "அரையும் கொறையுமா எதுக்கு? முழுசா அடிங்க" என்றார். பிரைமருக்குப் பிறகு மூன்று பூச்சுக் கறுப்பு; ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே நீர்த்தாள் தேய்ப்பு. காயவைத்த நாளெல்லாம் பல்லி விழாமலிருக்கக் கொசுவலைக்குள் தொங்கவிட்டோம். சாப்பாட்டு மேசைக்கு மேலே கறுத்த பூரணச்சந்திரன்போல் அது தொங்கியதைக் கண்டு பக்கத்து வீட்டுக் குழந்தை விசாரித்தது.

பூட்டுகையில் ஒரு சோதனை. தண்டின் முனையைத் துரு போகத் தேய்த்தபோது மேஸ்திரி அடித்த புள்ளியையும் சேர்த்துத் தேய்த்துவிட்டிருந்தோம். அனுமானமாகப் பூட்டினோம். சக்கரங்கள் நேராக நிற்க, வளையம் மட்டும் ஒரு பல் இடப்புறம் சாய்ந்து நின்றது. அப்பா உட்கார்ந்து கைவைத்த மாத்திரத்தில், "கோணல்" என்றார். கழற்றி மறுபடி பூட்டினோம்.

எஞ்சினை உசுப்பிப் பார்க்கலாம் என்று புது பேட்டரி வாங்கி வந்திருந்தோம். அப்போதுதான் சாவியைக் காணோம். 2014இல் வாங்கிப் பத்திரப்படுத்திய சாவி. எங்கே பத்திரப்படுத்தினோம் என்பதில் எங்களிருவருக்கும் கருத்து வேறுபாடு. வீட்டைத் தலைகீழாக்கினோம். கூச்சல் கேட்டு அப்பா தம் அறைக்குள் அழைத்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பாதரசக் கருவியின் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ரப்பர்க் குழாய்க்கடியில் ஒரு சாவி இருந்தது. தேய்மானமே இல்லாத, விளிம்பு கூர் மழுங்காத டூப்ளிகேட்.

"இது எப்பலேருந்துப்பா இங்க இருக்கு?"

"வண்டி வாங்கின நாள்லேருந்து" என்றார்.

மேஸ்திரி கார்புரேட்டரைக் கழுவி, பெட்ரோலை மாற்றி, அன்று மாலை எஞ்சினை ஓடவைத்தார். புகை கொல்லை முழுவதும் நிறைந்தது. அப்பா நின்ற இடத்திலேயே வளையத்தை ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் முழுக்க ஒடித்துப் பார்த்துவிட்டு, அணைக்கச் சொன்னார். விலை பேசியவர் ஜூலையில் தொலைபேசியில் அழைத்தார். வேலை இன்னும் முடியவில்லை என்று சொன்னோம். அது பொய்யில்லை, கூரை பாக்கியிருந்தது.

ஆகஸ்டில் கூரையைப் போட்டோம், இரும்புக் குழாய் நட்டு, தகரம் வேய்ந்து. அவ்வருட டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இரண்டு நாள் அதன்மேல் மழை கொட்டிய ஓசையில் அப்பா தூங்கவில்லை. தூங்கவிடவில்லை என்று எங்களிடம் புகாரும் சொன்னார். தண்ணீர் வடிந்து, மார்கழிக் குளிர் இறங்கிய ஒரு காலையில் அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனோம். வழக்கம்போல் வளையத்தை ஒரு சுற்றுத் தடவி வந்தவர், ஐந்து மணிக்குப் பக்கத்தில் நின்றார். நாங்கள் குனிந்து பார்த்தோம். எதுவும் தெரியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான், பழைய தையலுக்கு ஒரு விரற்கடை தள்ளி, கறுப்பின்மேல் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தது.

"எட்டு" என்றார் அப்பா. "அந்த சீட்டு புஸ்தகத்த எடுத்துட்டு வா."